அமெரிக்க ‘பாஸ் செட்’ நம்ம கொடுவாவுக்குத் தாங்குமா? முட்டுக்காட்டுக் கழியை மனதில் வைத்து ஒரு விமர்சனம்

சென்னையில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய் ‘கொடுவா பிடிக்க ஒரு செட் வேணும்’ என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வைப்பது ‘பாஸ் செட்’தான். ஏழு அடி நீளத்தில் இரண்டு துண்டு கார்பன் கம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான பெய்ட்காஸ்டிங் ரீல், நூறு நூற்றைம்பது மீட்டர் பின்னல் நூல், பத்துப் பன்னிரண்டு லூர் (முள் மாட்டிய செயற்கை இரை) அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஆன்லைனிலும் இதே கூட்டணிதான், பெயர் மட்டும் மாறும்.

சென்னைக்குத் தெற்கே கடலோடு சேரும் உவர்நீர்ப் பரப்பான முட்டுக்காட்டுக் கழியை வைத்து, தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பு நன்றாகவே உழைக்கும். ரீல் ஆளையும் காற்றையும் பொறுத்தது. நூல் சுமார். பெட்டியில் இருக்கும் லூர்களில் பாதி நம் தண்ணீருக்கு உதவாது. முள்ளும் அதை லூரோடு சேர்க்கும் வளையமும் கொடுவாவிடம் தோற்றுவிடும். நூலின் கடைசி மூன்று அடியை மாற்றத் தயாராக இருப்பவர் இந்த செட்டைத் தயங்காமல் வாங்கலாம். அப்படியே கொண்டுபோய் வீசலாம் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம்.

காரணம் மீனிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் இந்த செட் குறிவைக்கும் லார்ஜ்மவுத் பாஸ் நன்னீர் ஏரி மீன். தாமரைக் கொடிக்குள்ளும் மூழ்கிய மரக்கிளைக்குள்ளும் பதுங்கி, பக்கத்தில் வருவதை வாய் திறந்து உறிஞ்சும். கொடுவாவும் பதுங்கி உறிஞ்சும் மீன்தான், அதனால்தான் வீச்சு முறைகளில் பெரும்பகுதி அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். கொடுவா கடலில் முட்டையிட்டு, கழிமுகத்திலும் ஆற்றிலும் வளர்வது. அதன் வாய்க்குள் அறுக்கும் பல் கிடையாது, அரத்தாள் போலச் சொரசொரப்பான பட்டைதான் உண்டு. மெல்லிய நூல் அதில் உரசி உரசி நைந்து போகும். செவுள் மூடியின் ஓரமோ கத்தி மாதிரி. மீன் துள்ளித் தலையை உதறும்போது நூல் அந்த ஓரத்தில் பட்டால் ஒரே இழுப்பில் போய்விடும். இதோடு பாலத் தூண், கருங்கல் கரை, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சிப்பி எல்லாம் சேர்கின்றன. பாஸ் செட்டில் வரும் 12 பவுண்டு, 14 பவுண்டு லீடர் (பின்னல் நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் நரம்பு) இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை.

கம்பும் ரீலும்

கம்பில் நீங்கள் பார்க்க வேண்டியது பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எழுத்து. மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம் மட்டும் வளைவது), லூர் எடை 7 முதல் 28 கிராம் வரை என்று இருந்தால் கழிக்குச் சரி. அதைவிட மெல்லியது தூணிலிருந்து மீனைத் திருப்பாது. அதைவிடத் தடித்தது 10 கிராம் லூரைத் தூரம் கொண்டுபோகாது. ஏழு அடி போதும்; கரையோரப் புதருக்குக் கீழே நின்று வீசுகிறவர்களுக்கு ஆறரை அடி இன்னும் வசதி.

கம்பில் நூல் ஓடும் வளையங்களைக் கடையில் வைத்தே சோதியுங்கள். ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் சுற்றித் தேயுங்கள். இழை எங்கேயாவது சிக்கினால் பீங்கான் உள்வளையத்தில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் ஒரு நல்ல பின்னல் நூலைச் சில மணி நேரத்தில் பஞ்சாக்கிவிடும். நுனி வளையத்தை மட்டும் இருமுறை பாருங்கள், அடி படுவது அதுதான். வளையத்தின் பாதத்தைக் கம்போடு கட்டியிருக்கும் இடத்தில் வார்னிஷ் விரிந்திருந்தால் உப்புநீர் உள்ளே இறங்கித் துரு கட்டும். அந்தக் கம்பை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும் என்பதையும் மறக்காதீர்கள். மேலே மின்கம்பி போகும் கரையிலும், இடி இடிக்கும் வானத்தின் கீழும் அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது.

ரீல் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. பெய்ட்காஸ்டரில் ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் சக்கரம்) தானே சுழன்று நூலை விடும். லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றினால் நூல் உள்ளேயே குவிந்து கூடு கட்டிவிடும். சென்னைக் கரையில் விடிகாலையில் தரைக்காற்று மெதுவாக மேற்கிலிருந்து வரும். கோடை நாட்களில் முற்பகல் கடந்து கடல்காற்று ஏறிவிட்டால் கிழக்கு நோக்கி வீசும் ஒவ்வொரு வீச்சும் காற்றுக்கு எதிர்வீச்சுதான். அந்த நேரத்தில் புதியவர் கையில் பெய்ட்காஸ்டர் இருந்தால் மீன் பிடிப்பதைவிடச் சிக்கெடுப்பதே வேலையாகிவிடும்.

அமைக்கும் முறை இது. லூரைக் கட்டி, கம்பை நேராக நீட்டி, ஸ்பூலை விடுங்கள். கைப்பிடிப் பக்கத்துத் திருகை இறுக்கி இறுக்கி, லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்ட கணத்தில் ஸ்பூலும் நிற்கும்படி வையுங்கள். மறுபக்கத்துக் காந்தப் பிரேக் எண்ணைப் பத்தில் எட்டாக வைத்துத் தொடங்குங்கள். கை பழகப் பழக ஒவ்வொரு எண்ணாக இறக்கலாம். எதிர்காற்றில் திரும்பவும் ஏற்ற வேண்டும். லூர் மாற்றினால் திருகை மறுபடியும் அமைக்க வேண்டும். இதை மறப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. 10 கிராமுக்குக் கீழே எடையுள்ள லூருக்கு விலை குறைந்த பெய்ட்காஸ்டர் ஒத்துவராது.

முதல் முறை தூண்டில் எடுப்பவருக்கு என் சிபாரிசு, வீசும்போது ஸ்பூல் சுழலாமல் நூல் மட்டும் கழன்று போகும் ஸ்பின்னிங் ரீல்தான், 3000 அல்லது 4000 அளவில். அதற்கேற்ற ஸ்பின்னிங் கம்பும் வேண்டும், ஏனென்றால் பெய்ட்காஸ்டிங் கம்பின் சிறிய வளையங்களில் ஸ்பின்னிங் ரீலின் நூல் அடித்துக்கொண்டு போகும். தூணுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்குள் லூரைக் குறிபார்த்துச் செலுத்த விரும்புகிறவர், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தி நிறுத்தப் பழகியவர், இவர்களுக்குப் பெய்ட்காஸ்டருக்கு இணை இல்லை.

பெட்டியின் மேல் ‘10+1 பேரிங்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உப்புநீரில் பேரிங் கூடுதலாக இருந்தால் துருப்பிடிக்கும் இடமும் கூடுதல். நான் முதலில் பார்ப்பது டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை நழுவவிடும் பிரேக்கை. கடையிலேயே சோதிக்கலாம். பெட்டி எடை போடும் கொக்கித் தராசு ஒன்று போதும். நூலை வளையங்கள் வழியாகக் கோத்து நுனியில் ஒரு வளையம் போட்டுத் தராசில் மாட்டுங்கள். ஒருவர் கம்பைச் சாய்வாகப் பிடிக்க, மற்றவர் தராசை நிதானமாக இழுக்க வேண்டும். ஸ்பூல் நழுவத் தொடங்கும் எடையையும் நழுவிக்கொண்டிருக்கும்போது காட்டும் எடையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் டிராக் நல்லது. தொடக்கத்தில் மூன்றரைக் கிலோ காட்டி, பிறகு சட்டென்று இரண்டுக்கு விழுந்து, விட்டு விட்டு நழுவினால் உள்ளே இருக்கும் வாஷர் சரியில்லை. கொடுவாவின் முதல் ஓட்டத்தில் அந்தத் தொடக்க முரண்டுதான் நூலை அறுக்கும்.

எவ்வளவுக்கு அமைப்பது? செட்டில் மிகவும் பலவீனமான கண்ணியின் பலத்தில் கால் பங்கு. 20 பவுண்டு நூல் என்றால் சுமார் 9 கிலோ. அதில் கால் பங்கு இரண்டே கால் கிலோ. கையால் இழுத்துப் பார்த்து ‘போதும்’ என்று நிறுத்துபவர்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் கீழே நிறுத்திவிடுகிறார்கள். அந்த டிராக்கில் முள் ஆழமாக இறங்காது, மீனும் தூணுக்குள் போய்விடும்.

கடைசி மூன்று அடி

செட்டோடு வரும் பின்னல் நூலின் மேல் 40 பவுண்டு, 50 பவுண்டு என்று பெரிய எண் இருக்கும். எண்ணை நம்பாமல் தடிமனைப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு: பவர் ப்ரோ 20 பவுண்டு நூல் 0.23 மில்லிமீட்டர், 30 பவுண்டு 0.28. ‘50 பவுண்டு’ என்று எழுதி 0.23 தடிமன் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். சந்தேகம் இருந்தால் நூலைத் துணி சுற்றிய கட்டையில் சுற்றி, அதே கொக்கித் தராசில் மாட்டி அறும்வரை இழுத்துப் பாருங்கள். கையில் நேரடியாகச் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும்.

கழிக்கு 20 பவுண்டு, பி.இ. (பின்னல் நூலின் தடிமன் எண்) 1.5 அல்லது 2. தூண்களையே நம்பி மீன் பிடிப்பவர் 30-க்குப் போகலாம். எட்டு இழை நூல் வழுக்கிக்கொண்டு தூரம் போகும். நான்கு இழை நூல் கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் சிப்பியில் உரசினால் கூடுதல் நேரம் தாங்கும். முட்டுக்காட்டுக்கு நான்கு இழைதான் என் தேர்வு. ஸ்பூலில் முதலில் பத்து மீட்டர் தங்கூஸ் நரம்பைச் சுற்றிவிட்டு அதன்மேல் பின்னல் நூலைச் சுற்றுங்கள். நேரடியாகச் சுற்றினால் முழு நூலும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீலைப் பிரிப்பீர்கள். ஸ்பின்னிங் ஸ்பூலில் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். நிரம்ப வழிந்தால் வீச்சின்போது கொத்தாக வெளியே வரும்.

இனி லீடர். 40 பவுண்டு ஃபுளோரோகார்பன், அல்லது அதே பலமுள்ள கெட்டியான நைலான். இரண்டுக்கும் இடையே கழித்தண்ணீரில் மீன் பெரிய வித்தியாசம் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஃபுளோரோ உரசலைக் கூடுதலாகத் தாங்கும், மூழ்கும். நைலான் மிதக்கும் லூருக்கு நல்லது, விலையும் குறைவு. எஃகுக் கம்பி டிரேஸ் வேண்டவே வேண்டாம். கடலில் சீலாவுக்கு அது தேவை. கொடுவாவுக்கு அது லூரின் ஆட்டத்தைக் கொல்வதைத் தவிர வேறு எதையும் செய்யாது.

லீடர் நீளம் 70 செ.மீ. முதல் 90 செ.மீ. வரை. இதில் ஒரு காரணம் உண்டு. பெய்ட்காஸ்டரில் நூலை ஸ்பூல் மேல் ஒழுங்காகப் பரப்பும் நூல் அடுக்கியின் துளை சிறியது. தடித்த முடிச்சு அதில் இடித்தால் வீச்சு பாதியில் நிற்கும், முடிச்சும் நைந்துபோகும். வீசும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே தொங்கும்படி நீளத்தை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முடிச்சுக்கு டபுள் யூனி போதும். பின்னல் நூலின் முனையையும் லீடரின் முனையையும் எதிரெதிராக 20 செ.மீ. அளவுக்கு இணையாக வையுங்கள். பின்னல் நூல் முனையைத் திருப்பி ஒரு வளையம் செய்து, அந்த வளையத்துக்குள்ளாக இரண்டு நூலையும் சேர்த்து எட்டுச் சுற்று சுற்றி, முனையை இழுத்துப் பாதி இறுக்குங்கள். லீடர் முனையிலும் அதேபோல, ஆனால் நான்கு சுற்று. தடித்த நரம்புக்கு எட்டுச் சுற்று கொடுத்தால் அது சரியாகப் படியாமல் ஏறிக்கொள்ளும். இப்போது எச்சில் தொட்டு நனைத்து, இரண்டு பக்கத்து முதன்மை நூலையும் பிடித்து மெதுவாக இழுங்கள். இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று முட்டும். உலர்ந்தபடியே வேகமாக இழுத்தால் உரசல் சூட்டில் நைலான் பொரிந்து வெளுக்கும். அந்த வெள்ளை தெரிந்தால் முடிச்சை வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள், வேறு வழியில்லை. லீடர் முனையில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கடைசியில் தராசில் மாட்டி நான்கு கிலோவுக்கு இழுத்துப் பாருங்கள். முடிச்சு அசையாமல் நின்றால்தான் லூரைக் கட்ட வேண்டும்.

லூரை இறுக்கமாகக் கட்டாமல் சிறிய திறந்த வளைய முடிச்சில் கட்டுங்கள். 40 பவுண்டு நரம்பு விறைப்பானது. மூக்கில் இறுகப் பிடித்தால் லூர் ஆடாமல் கட்டையாக வரும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு தூண் உரசலுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாணை விரலிடுக்கில் உருவுங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்தச் சாண் போகட்டும். வெட்டி மறுபடி கட்டுங்கள்.

அடுத்தது முள். பாஸ் லூரில் வரும் மும்முள் மெல்லிய கம்பியில் செய்தது. மெல்லிய கம்பி சீக்கிரம் இறங்கும் என்பது நன்னீரில் நல்ல குணம். இங்கே இரண்டேகால் கிலோ டிராக்கில் ஒரு நல்ல கொடுவா தூணை நோக்கித் திரும்பினால் அது விரிந்து நேராகிவிடும். உப்பில் சில நாட்களிலேயே முனை மழுங்கித் துருவும் பிடிக்கும். லூரோடு முள்ளைச் சேர்க்கும் வளையமும் அதே கதை. இழுபட்டு வாய் திறக்கும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூர் தயாரிப்பவர் அதன் மிதப்பை அந்த முள்ளின் எடையோடு சேர்த்துத்தான் கணக்கிட்டிருப்பார். உதாரணத்துக்கு ராப்பலா எக்ஸ்-ராப் 10: நீளம் 10 செ.மீ., எடை 13 கிராம், இழுப்பை நிறுத்தினால் மூழ்கவும் மிதக்கவும் செய்யாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தது. அதில் கனமான 4எக்ஸ் மும்முள் இரண்டைப் போட்டால் நிறுத்தியதும் மூக்குக் குத்தி அடிக்குப் போகும். கொடுவா அடிப்பது அந்த நிறுத்தத்தில்தான், ஆகவே லூரின் உயிரே போய்விடுகிறது. நல்ல வழி, இரண்டு மும்முள்ளையும் எடுத்துவிட்டு லூருக்கென்றே வரும் ஒற்றை முள் போடுவது. 10 செ.மீ. லூருக்கு 1/0 அளவில் தொடங்கிப் பாருங்கள். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கியும் வால் முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்கட்டும். இரண்டு முள்ளும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கக் கூடாது.

சமையலறை டிஜிட்டல் தராசில் பழைய முள்ளையும் வளையத்தையும் நிறுத்துக் குறித்துக்கொண்டு, புதியதை அந்த எடைக்கு அருகில் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒரு வாளியில் கழித்தண்ணீரையே மொண்டு லூரைப் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் சோதித்தால் ஏமாறுவீர்கள், உப்புநீர் அடர்த்தி கூடியது, லூரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர்மை. வழுக்கிப் போனால் அரம் போட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கொடுவாவின் வாய் எலும்பும் தோலுமாகக் கெட்டியானது, மழுங்கிய முள் அதில் இறங்கவே இறங்காது.

பெட்டியில் எது மிஞ்சும்

நீண்ட உதடு வைத்த குண்டு கிராங்க்பெய்ட் மூன்று மீட்டருக்கு இறங்கும். முட்டுக்காட்டில் கரையிலிருந்து எட்டும் இடங்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் தண்ணீர்தான். முதல் வீச்சிலேயே அடியில் சிப்பியைக் கொத்திக்கொண்டு நிற்கும். ஒதுக்கிவிடுங்கள். நீள ரப்பர் புழுக்களுக்கும் இங்கே பெரிய வேலை இல்லை. கொடுவா தேடுவது மடவைக் குஞ்சையும் இறாலையும்.

9 முதல் 12 செ.மீ. வரை நீளமுள்ள, ஒரு மீட்டருக்குள் ஓடும் மின்னோ (ஒல்லியான மீன் வடிவ) லூர்தான் பெட்டியின் ராஜா. தெளிந்த தண்ணீரில் வெள்ளி, நீலமுதுகு. மழைக்குப் பிறகு கலங்கினால் தங்க நிறம் அல்லது கிளிப்பச்சை. எக்ஸ்-ராப் 10 வழக்கமான இழுப்பில் 1.2 முதல் 2.4 மீட்டர் வரை இறங்கும், அதனால் கரையோரத்தில் கம்பு நுனியை உயர்த்தி மெதுவாக ஓட்ட வேண்டும். முறை: இரண்டு சின்ன வெட்டிழுப்பு, பிறகு இரண்டு மூன்று விநாடி சும்மா விடுவது. தளர்ந்த நூலில்தான் அடி விழும். கண் நூலின் மேல் இருக்கட்டும்.

வால் தட்டையான நான்கு அங்குல ரப்பர் மீன் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 10 கிராம் ஜிக்தலை (ஈயத் தலை வைத்த முள்), 3/0 அளவு. முள்ளின் வளைவு முதுகில் நடுக்கோட்டில் வெளிவர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரப்பர் பம்பரம் போலச் சுழன்று நூலை முறுக்கும். பேத்தை மீன் கூட்டமாக இருக்கும் நாளில் வால் கடிபட்டுத் துண்டாகும். வரிசையாக வால் போனால் இடம் மாறுவது அல்லது மின்னோவுக்குப் போவது நல்லது.

பாஸ் பிடிப்பவர்களின் டெக்சாஸ் ரிக் இங்கே அருமையாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: கருங்கல் கரை, வேர் நிறைந்த ஓரம். துப்பாக்கிக் குண்டு வடிவ 7 கிராம் ஈயத்தை லீடரில் கோத்து, 4/0 அகலவாய் முள்ளைக் கட்டுங்கள். முள்ளை ரப்பர் மூக்கில் அரை செ.மீ. குத்தி வெளியே எடுத்து, திருப்பி, உடலின் ஊடாகக் குத்தி முனையை முதுகுத் தோலுக்குள் மறைத்துவிடுங்கள். கல்லிடுக்கில் சிக்காமல் வரும். மீன் கடித்ததும் மட்டும் மின்னோவைவிடக் கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டும், முள் முதலில் ரப்பரைக் கிழித்து வெளிவர வேண்டுமே.

பாஸ் வீடியோக்களில் கம்பைத் தலைக்கு மேல் ஓங்கி இழுப்பதைப் பார்த்து அதையே செய்பவர்கள் இங்கே மீனை இழக்கிறார்கள். பின்னல் நூல் நீளாது. அந்த வேகம் முழுவதும் வாயில் இறங்கி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பிறகு மீன் துள்ளும்போது முள் தானாகக் கழன்று விழும். கம்பைப் பக்கவாட்டில் தாழ்த்தி நீளமாக ஒரே இழுப்பு இழுங்கள். மீன் மேலே எழும்பத் தொடங்கினால் நூல் மேல்நோக்கிச் சாயும். அதைக் கண்டதும் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். நுனி தாழ்ந்திருந்தால் பல மீன்கள் முழுதாகத் துள்ளாமல் தலையை மட்டும் உதறிவிட்டு அடங்கும்.

சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் மாறும். அதனால் அகன்ற கழியில் நீரோட்டமே தெரியாது. தண்ணீர் குறுகிப் போகும் இடத்தில்தான் ஓட்டம் உண்டு: பாலத்தடி, வாய்க்கால் சேரும் இடம், முகத்துவாரம். வற்றத்தின் கடைசி நேரமும் ஏற்றத்தின் முதல் நேரமும் விடிகாலையோடு சேரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். வடகிழக்குப் பருவமழை வாயைத் திறந்துவிட்ட பிறகு, வெள்ளம் தெளியத் தொடங்கும் வாரங்கள் நல்லவை. அப்போது முகத்துவார மணலில் இறங்கி நிற்காதீர்கள், காலடி மணலை ஓட்டம் அரித்துக்கொண்டு போகும். ஈ.சி.ஆர். பாலத்தின் மேல் நின்று வீசுவதும் வேண்டாம். பின்னால் போகும் வீச்சில் முள் பைக் ஓட்டுபவர் முகத்தில் மாட்டும்.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பறவைகள் சரணாலய எல்லையையும், மீனவர் ஊர்கள் முறைவைத்து வலை கட்டும் பாடுகளையும் கேட்டறிந்து நில்லுங்கள். மும்முள் மாட்டிய வலை அவர்களுக்கு ஒரு நாள் வருமானம். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் படிந்தன. அடையாறு முகத்துவாரத்துக்குச் சாக்கடை வருகிறது. இந்த இரண்டு இடத்து மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆக, பெரிய மீன் என்றாலே முட்டையிடும் தாய். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தது. பண்ணைக் கொடுவா இன்று சந்தையிலேயே கிடைக்கிறது. குழம்புக்கு அதை வாங்கலாம். கழியில் மாட்டும் பெரியதைத் திருப்பி விடுங்கள். ஒற்றை முள் இதற்கும் உதவும், இடுக்கியால் ஒரு திருப்பில் கழன்றுவிடும். முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்தி, ஒரு கையை வயிற்றின் கீழ் கொடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் பெரிய மீனின் கழுத்தெலும்பு பிசகும். செவுள் மூடிக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழுவும் முறையில்தான் இந்த செட்டின் ஆயுள் இருக்கிறது. டிராக்கை முழுதாக இறுக்கி, பூவாளி மாதிரி மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் நசுங்கி, மேலே சொன்ன முரண்டு வரும். பெய்ட்காஸ்டரில் நூல் அடுக்கியின் புழுத்திருகுக்கும், ஸ்பின்னிங் ரீலில் நூல் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். இந்த இரண்டு இடத்தில்தான் உப்பு முதலில் உட்காரும். லூர்களைத் தனியாக நன்னீரில் அலசிக் காயவைத்த பிறகே பெட்டிக்குள் போடுங்கள். ஈரமான ஒரு லூர் போதும், பெட்டி முழுக்கத் துரு ஏறிவிடும்.

மொத்தம் 8,000 ரூபாய் ஒதுக்குகிறவருக்கு என் பங்கீடு: கம்புக்கும் ரீலுக்கும் சேர்த்து 4,500, நூலும் லீடரும் 1,500, நல்ல மின்னோ இரண்டு, ரப்பர் மீன், ஜிக்தலை எல்லாம் 1,500, முள், வளையம், வளையம் திறக்கும் இடுக்கி 500. ரீலுக்கு இன்னும் ஆயிரம் கூட்ட ஆசை வந்தால் ஒதுக்கீட்டையே கூட்டுங்கள், முள்ளிலிருந்து எடுக்காதீர்கள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத ‘பிராண்ட்’ ரீல் போலியாக இருக்கலாம், பழுதானால் கேட்க ஆளும் இருக்காது. கண்ணாடி அலமாரியில் வெயில் படத் தொங்கிய நைலான் சுருளையும் வாங்காதீர்கள், புற ஊதாக் கதிர் அதை உள்ளுக்குள் நொறுக்கியிருக்கும்.

பெட்டியில் மிஞ்சுவது ரப்பர் தவளை வடிவ லூர். கழியில் அதற்கு வேலை இல்லை, தூக்கியும் போட வேண்டாம். புறநகர் ஏரிகளில் அல்லி இலையும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடக்கும் இடத்தில் விராலுக்கு இதைவிட நல்ல லூர் கிடையாது. ஏரி குத்தகையில் இருந்தால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அந்த 30 பவுண்டு நூலும் ஏழு அடிக் கம்பும் பெய்ட்காஸ்டரும் எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்தும், தவளையின் இரட்டை முள் மட்டும் உடலோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினால் ரப்பர் சுலபமாக உள்வாங்கி முள் வெளிப்பட வேண்டும்; கெட்டியான ரப்பராக இருந்தால் விரால் கடித்தும் முள் ஏறாது. இலைமேல் இழுத்து, இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். தண்ணீர் வெடித்தவுடன் இழுக்காமல், ஒன்று இரண்டு என்று எண்ணி, நூல் கனப்பதை உணர்ந்த பிறகு இழுங்கள்.